காசு வாங்கிக்கொண்டு கேட்பவரிடம் என்ன உறவு?

கேள்வி, 2024 ஆகஸ்ட் 4

என் அக்கா மகன் ஒரு வருடமாக வாரம் தவறாமல் மனநலத் தெரபிக்குப் போகிறான். அங்கே என்னடா செய்கிறார்கள் என்றால், "பேசுறோம் மாமா, எங்களுக்குள்ள இருக்கிற உறவுதான் ட்ரீட்மென்ட்" என்கிறான். காசு வாங்கிக்கொண்டு, மணி பார்த்து எழுப்பி அனுப்புகிறவரிடம் என்ன உறவு வேண்டிக்கிடக்கிறது? நாங்களெல்லாம் மொட்டைமாடியில் நண்பனிடம் அழுது தீர்த்தவர்கள். இது மேல்தட்டு வியாபாரம் என்பது என் எண்ணம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட் 4, இரவு

நான் போகிறவன். கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், நாற்பத்தைந்தைத் தாண்டியாச்சு, சம்பளம் வந்த பத்தாம் நாளே கையைக் கடிக்கிற தட்டு என் தட்டு. கேள்வியில் உள்ள கிண்டல் என்னைச் சுடவில்லை, இதையே என் மனைவியிடம் நான் கேட்டிருக்கிறேன்.

மொட்டைமாடி நண்பன் எனக்கும் உண்டு. அப்பா போன பிறகு தூக்கமில்லாமல் கிடந்த நாட்களில் முதலில் அவனிடம்தான் சொன்னேன். பாதி சொல்லும்போதே "எங்கப்பா மட்டும் என்னடா, பெல்ட்டக் கழட்டினாருன்னா..." என்று ஆரம்பித்துவிட்டான். அப்புறம் முழுக்க அவன் அப்பா கதை. கடைசியில் நான் அவனைத் தேற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நட்பு என்றால் அவனுக்கும் பேச முறை உண்டு, அவன் பாட்டை நான் கேட்காவிட்டால் நான் என்ன நண்பன். தெரபியில் அந்த முறை மாற்றம் கிடையாது. ஐம்பது நிமிடமும் எனக்கு. என் தெரபிஸ்டின் அப்பா எப்படிப்பட்டவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்து ஆறுதல் சொல்ல வேண்டிய கடனும் இல்லை. நான் கொடுக்கிற காசு அந்தக் கடனுக்கு ஈடு என்றுதான் கணக்கு எழுதிக்கொள்கிறேன்.

2024 ஆகஸ்ட் 5

"அப்படியானால் வாடகைக் காது" என்று எழுதியவருக்கு: பெயர் பிரமாதம், அடுத்த வாரம் என் தெரபிஸ்டிடம் சொல்கிறேன்.

ஆனால் காது மட்டும் போதும் என்றால் செல்போனில் பேசிப் பதிவு செய்துவிட்டுத் தூங்கப் போகலாமே. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் அசைகிறதா என்பதில்தான் பாதி விஷயம். அமெரிக்க உளவியலாளர் எட் ட்ரானிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி சட்டென்று முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துக் காட்டுகிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது. எதற்கும் அம்மா முகம் மாறவில்லை என்றதும் தலையைத் திருப்பிக்கொண்டு தனக்குள் சுருங்கிவிடுகிறது. இதற்கெல்லாம் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. வீடியோ பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தலை திருப்பலை நான் தினமும் ஆபீஸில் செய்கிறேன்.

2024 ஆகஸ்ட் 7

முழுக் கதையையும் எழுதச் சொல்கிறீர்கள். முழுசாக எழுத மாட்டேன், எதற்குப் போனேன் என்பது வரைக்கும் சொல்கிறேன்.

நான் பேசும்போது எவராவது வேறு பக்கம் பார்த்தால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும், ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வராது. பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போய்விடுவேன். அப்புறம் நாள் கணக்கில் அந்த ஆளோடு பேச்சில்லை. வீட்டிலும் அதே. மனைவி இதற்கு "ஷட்டர் இறக்குறது" என்று பேர் வைத்திருந்தாள். அப்பா இறந்த வருடம் ஷட்டர் இறங்கியேதான் கிடந்தது. பையன் என்னிடம் எதையும் கேட்காமல் அம்மாவிடம் சொல்லிக் கேட்க ஆரம்பித்ததும்தான் மனைவி விடாப்பிடியாகக் கிளப்பிவிட்டாள்.

முதலில் போன இடத்தில் முதல் நாளே ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் நடந்தது என்ன, அடுத்ததில் மனதில் ஓடியது என்ன, அதற்கடுத்து அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம். கணக்குப் பிரிவு ஆளிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் கேட்கவா வேண்டும், வரி வரியாக நிரப்பிக்கொண்டு போனேன். அந்தக் கவுன்சலர் பார்த்துவிட்டுக் "குட்" என்பார், அடுத்த தாளைக் கொடுப்பார். நான் அங்கே ஒழுங்கான மாணவன். அப்பாவிடமும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போனை எடுத்து வேறு யாருக்கோ நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஷட்டர். அதோடு போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. தாளின்மேல் தப்பில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது போவது ஒரு வீட்டின் மாடிக்கு. அறுபதை நெருங்குகிற அம்மையார், பல சிகிச்சை வழிகளைச் சேர்த்துச் செய்கிற "ஒருங்கிணைந்த தெரபி" அவருடையது. நான் மேடம் என்பேன், அவர் என்னைப் பெயர் சொல்லி நீங்க, வாங்க என்பார். கோபத்தைப் பற்றிக் கேட்பார் என்று வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு போனால், "இதுக்கு முன்னாடி எங்கயாவது போனீங்களா? அங்க என்ன ஒத்துவரல?" என்றுதான் தொடங்கினார். போன் விஷயத்தைச் சொன்னேன். "இங்கயும் அது நடக்கும். நான் போன் எடுக்க மாட்டேன், ஆனா வேற ஏதாவது செய்வேன். அப்போ எழுந்து போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்ல முடியுதான்னு பாருங்க" என்றார். எனக்கு அது கொஞ்சம் திமிராகக்கூடப் பட்டது. முதல் நாளே "உங்களை நோகடிப்பேன்" என்று சொல்லி உட்காரவைக்கிற டாக்டரை யார் பார்த்திருக்கிறார்கள்.

2024 ஆகஸ்ட் 8

"ஒருங்கிணைந்த தெரபி என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பொறுக்கிப் போட்ட அவியல்" என்று எழுதியவர் நாகர்கோவில் பக்கத்து ஆளாக இருக்க முடியாது. அவியலில் எந்தக் காயை எப்போது போடுவது என்று ஒரு கணக்கு இருக்கிறது, சேனையையும் வெள்ளரியையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்று வேகாது, இன்னொன்று கரைந்து போகும்.

இந்தத் துறையில் கட்சிச் சண்டை பல காலம் நடந்திருக்கிறது. பழைய அனுபவங்களைத் தோண்டிப் பார்க்கிற ஃப்ராய்டு வழிக்காரர்களும், பழக்கத்தை நேராக மாற்றப் பார்க்கிற நடத்தைச் சிகிச்சைக்காரர்களும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாத நிலையில் இருந்தபோது, 1977-இல் பால் வாக்டெல் என்ற உளவியலாளர் இரண்டையும் சேர்த்துவைத்து ஒரு புத்தகம் எழுதினார். 1983-இல் இப்படிப்பட்ட ஆட்கள் கூடி ஒரு சங்கமே தொடங்கினார்கள். அவர்களுக்குள்ளும் பல வழி. எந்தக் கொள்கையிலிருந்து வந்தால் என்ன, வேலை செய்கிற உத்தியை எடு என்றவர் ஆர்னால்ட் லாசரஸ். முதலில் ஒரு வழியில் ஊன்றி நில், மற்றதை அங்கே நின்றுகொண்டு உள்ளே வாங்கு என்றவர் ஸ்டான்லி மெஸ்ஸர். இதற்கெல்லாம் முன்னாலேயே, 1936-இல் சால் ரோசன்ஸ்வைக் ஒரு சங்கடமான கேள்வியைப் போட்டுவைத்தார்: ஒன்றுக்கொன்று ஒத்தே போகாத சிகிச்சைகள் எல்லாம் பலன் தருகின்றனவே, அப்படியானால் பலன் தருவது கொள்கையா, எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவாகக் கிடக்கும் வேறு ஏதோவா?

என் மேடம் ரிச்சர்ட் எர்ஸ்கின் வழியில் பயின்றவர். எர்ஸ்கின் 1976-இல் நியூயார்க்கில் இதற்கென ஒரு நிலையம் தொடங்கியவர். எரிக் பெர்னின் பரிமாற்றப் பகுப்பாய்வு, கெஸ்டால்ட் சிகிச்சை, குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் பவுல்பி சொன்னது எல்லாவற்றையும் ஒரு இழையில் கோத்தார், அந்த இழை உறவு. மனிதர்களுக்கு உறவில் என்னென்ன தேவைப்படுகின்றன என்று எட்டு தேவைகளைச் சொல்லியிருக்கிறார். பாதுகாப்பு, மதிக்கப்படுவது, "எனக்கும் அப்படி நடந்திருக்கு" என்று சொல்ல ஒரு ஆள், இப்படிப் போகும். அதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நம்மால் எதிராளியிடம் ஏதாவது அசைய வேண்டும் என்கிற தேவை. நாம் சொன்னது அவருக்குள் போய் விழுந்தது என்று நமக்குத் தெரிய வேண்டும். என் அப்பா அடித்ததில்லை, திட்டினதுகூட இல்லை. அவர் அசைந்ததே இல்லை.

தாள் விஷயம்: ராத்திரியில் நெஞ்சு படபடத்து எழுந்துவிடுகிறேன் என்று சொன்னபோது இதே மேடம்தான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், அதே கட்டம் போட்ட தாளையும் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நல்லா எழுதிட்டு வந்து எங்கிட்ட மார்க் வாங்கணும்னு தோணுதா?" என்று கேட்டார். தோணிற்று. அன்றைக்கு முழுக்க அதைப் பற்றிப் பேசினோம், தாள் மேசையிலேயே கிடந்தது.

2024 ஆகஸ்ட் 11

சரி, கேள்வியில் இருந்த "மணி பார்த்து" என்பதற்கு வருகிறேன், கடிகாரக் கதை.

நாலைந்து மாதம் போயிருக்கும். மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்குவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் போய் நின்றால் பேப்பரை இறக்காமல் வலது கையை மட்டும் வெளியே நீட்டுவார். பேனாவை அந்தக் கையில் வைக்க வேண்டும், மார்க் ஷீட்டைப் பலகையோடு சேர்த்து அடியில் பிடிக்க வேண்டும். கையெழுத்தாகிவிடும், பேனா திரும்பி வரும். "ம்" என்று ஒரு சத்தம் பேப்பருக்குப் பின்னாலிருந்து. எத்தனையாவது ரேங்க் என்று அவருக்குத் தெரியாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேடத்தின் கண் என் தோளைத் தாண்டிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. ஒரு நொடிகூட இருக்காது.

"அவ்வளவுதான் மேடம், பழைய கதை" என்று முடித்துவிட்டு வேறு பேசினேன். அடுத்த வாரம் ஆடிட் இருக்கிறது என்று போன் செய்து நிறுத்திவிட்டேன். ஆடிட் எதுவும் இல்லை. அதற்கடுத்த வாரம் மனைவி துரத்தியதால் போனேன்.

உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "போன தடவை உங்கப்பா கையெழுத்துப் போட்டதைச் சொல்லிட்டிருந்தீங்க. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் நீங்க ஜிஎஸ்டி பத்திப் பேசினீங்க. முடியிற வரைக்கும் ஜிஎஸ்டிதான்."

"ஒண்ணுமில்ல மேடம், உங்களுக்கும் அடுத்து ஆள் இருப்பாங்க."

"இருக்கட்டும். அந்த நேரத்துல உங்களுக்கு என்ன ஆச்சு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் சொல்லி நிரப்பவில்லை. அப்புறம் "எதுக்குப் பார்த்தீங்க?" என்று வந்தது. என் குரல்தான், ஆனால் அந்தக் குரலில் நான் எவரிடமும் பேசியதில்லை. கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் முகம் மாறியது. பயம் இல்லை, வருத்தம். "அடுத்தவங்க வந்துட்டாங்களோன்னு பார்த்தேன். அப்போ உங்களை விட்டுட்டுப் போயிட்டேன். பேப்பருக்குப் பின்னாடி போன மாதிரி இருந்திருக்கும். தப்பு என்னோடது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ எழுந்து போகாம இருக்கீங்க" என்றும் சொன்னார்.

அழுதேனா என்று கேட்காதீர்கள். மூக்கைச் சிந்தினேன்.

2024 ஆகஸ்ட் 12

நேற்று எழுதியதற்கு "நல்ல மனுஷி, மன்னிப்புக் கேட்டாரே" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனுஷிதான். ஆனால் விஷயம் நல்ல குணத்தில் மட்டும் நின்றிருந்தால் எங்கள் பெரியம்மாவே போதும், அவரை விட நல்லவர் கிடையாது, அவரிடமும் எனக்கு ஷட்டர்தான் இறங்கும்.

ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோஃபர் முரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதே விஷயத்தை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். தெரபிஸ்டுக்கும் வருகிறவருக்கும் நடுவில் விரிசல் விழாமல் இருக்காது, இரண்டு விதமாக விழும் என்றார்கள். ஒன்று, எதிர்த்துச் சண்டைக்கு வருவது. இன்னொன்று, மரியாதையாக ஒதுங்கிக்கொள்வது, பேச்சை மாற்றுவது, சரி சரி என்று தலையாட்டுவது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், வெளியே எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரி தெரியும். என் ஜிஎஸ்டி அந்த ரகம். நம் ஊர் ஆட்களில் பாதிப் பேர் அந்த ரகமாகத்தான் இருப்போம் என்று எனக்கு ஒரு சந்தேகம், பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லையே.

விரிசலை மூடி மறைக்காமல் எடுத்துப் பேசிச் சரிக்கட்டும்போதுதான் பழைய வழக்கம் உடைகிறது. ஃப்ராய்டு வழியில் வந்த ஃப்ரான்ஸ் அலெக்சாண்டரும் தாமஸ் ஃப்ரெஞ்சும் 1946-லேயே ஏறக்குறைய இதைச் சொல்லிவிட்டார்கள்: பழைய காயத்தைப் புரிந்துகொண்டால் மட்டும் போதாது, அதே நிலைமை மறுபடி வந்து, இந்தத் தடவை வேறு மாதிரி முடிய வேண்டும். அப்பா பேப்பர் படித்ததால்தான் நான் இப்படி என்பது எனக்கு முன்பே தெரியும், கட்டம் போட்ட தாளில் அழகாக எழுதியும் கொடுத்திருக்கிறேன். தெரிந்து ஒரு புண்ணியமும் இல்லை.

2024 ஆகஸ்ட் 13

"வேணும்னே கடிகாரத்தைப் பார்த்து டிராமா பண்ணியிருப்பாங்க." இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது, கேட்டேவிட்டேன். சிரித்தார். "வேணும்னு பண்றதுக்கு அவசியமே இல்ல, நான் தானாவே தினம் யாரையாவது நோகடிச்சிடறேன்" என்றார்.

2024 ஆகஸ்ட் 19

புள்ளிவிவரம் கேட்டவருக்கு, நானும் கணக்குக்காரன்தான், தேடிப் பார்த்தேன்.

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் தெரபிஸ்டோடு உள்ள இந்த உறவை மூன்றாகப் பிரித்தார்: எதற்காக வந்திருக்கிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையில் உள்ள பிடிப்பு. கவனியுங்கள், மூன்றில் இரண்டு வேலை ஒப்பந்தம். பாசம் ஒரு பங்குதான். இந்த மூன்றையும் அளக்கக் கேள்வித்தாள்கள் உண்டு. 2018-இல் ஃப்ளூக்கிகர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உறவின் பலத்துக்கும் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள தொடர்பு 0.28 அளவில் வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). அந்த எண்ணை அதாலேயே பெருக்கினால், ஆளுக்கு ஆள் பலன் கூடிக் குறைவதில் சுமார் 8 சதவீதத்தை இந்த உறவோடு சேர்த்துச் சொல்லலாம்.

எட்டுதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம், இந்தத் துறையில் இவ்வளவு ஆய்வுகளில் இப்படி நிலையாக வருகிற எண் அதிகமில்லை. அதே சமயம் "உறவே எல்லாம்" என்று பலகை மாட்டுகிறவர்களும் இந்த எட்டைப் பார்க்க வேண்டும். அப்புறம், உடம்பு தேறுகிறவனுக்கு டாக்டரைப் பிடித்துப்போவதும் இயல்பு, எது முன்னால் எது பின்னால் என்ற தகராறு இன்னும் ஓய்ந்துவிடவில்லை.

2024 ஆகஸ்ட் 25

மேடத்துக்குப் பத்திரிகை வைத்த கதை. கேள்வி கேட்டவரின் "என்ன உறவு" என்பதற்கு இதுதான் சரியாகப் பொருந்தும் என்று நேற்று சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது தோன்றியது.

சின்னதாக ஒரு வீடு கட்டினோம். கிரகப்பிரவேசப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முழுசாகப் படித்தார், என் அப்பா பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டிருந்த வரியில் கொஞ்சம் நின்றார். "ரொம்ப சந்தோஷம். பத்திரிகை எங்கிட்ட இருக்கட்டும். நான் வரமாட்டேன்" என்றார்.

சுருக்கென்றது. நம் ஊரில் பத்திரிகை வைத்தவரிடம் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? பார்க்கலாம், முயற்சி பண்றேன் என்று ஏதாவது சொல்லிவைப்பார்கள். சொன்னேன், இந்தத் தடவை ஷட்டர் இறங்கும் முன்னாலேயே. "நான் அங்க வந்து உட்கார்ந்தா உங்க மாமா வந்து 'இவங்க யாரு'ன்னு கேட்பாரு. நீங்க என்ன சொல்வீங்க?" என்றார். நான் யோசித்தேன். ஆபீஸ் மேடம் என்று பொய் சொல்லியிருப்பேன். "அப்புறம் உங்க வீட்டு விருந்துல நான் சாப்பிட்டுட்டு வந்தா, அடுத்த வாரம் எம்மேல கோபப்பட உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." அது உண்மை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள், உப்புத் தின்ற பிறகு எங்கே கத்துவது.

ஆக, அந்த அறைக்கு வெளியே அவர் எனக்கு யாருமில்லை. அதனால்தான் உள்ளே அவ்வளவு பேச முடிகிறது. இந்த ஏற்பாடு இன்னும் எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கிரகப்பிரவேசத்தன்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2024 செப்டம்பர் 1

"நம் ஆட்களுக்கு இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு பெரியவர் சொல்ல வேண்டும், சும்மா 'உங்களுக்கு என்ன தோணுது' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலைக்காகாது" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். இதை நம் நாட்டு மருத்துவர்களே அந்தக் காலத்தில் யோசித்திருக்கிறார்கள் ஐயா. மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நெக்கி 1973-இல், குரு சிஷ்ய உறவை உளச்சிகிச்சைக்கு ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கட்டுரை எழுதினார். மேற்கே சார்ந்திருப்பதை ஒரு குறையாகப் பார்க்கிறார்கள், இங்கே அது உறவின் இயல்பான பாகம் என்பது அவர் எண்ணம். என் மேடம் கேட்டால் ஆலோசனை சொல்வார். சொல்லிவிட்டு, "நான் சொன்னபடி செய்யாம விட்டா உங்களைப் பத்தி என்ன நினைப்பேனோன்னு பயமா?" என்று கேட்பார், அதுதான் தொல்லை.

குடும்பம் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்பதற்கும் பதில் நம்மிடமே இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவதற்குப் பதிலாக, கூட இருந்து பார்த்துக்கொண்டு, பாடம் கற்றுக்கொண்டு, அழைத்துப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடத் தங்குவது வெகு காலமாக நடக்கிறது. குடும்பம் மருந்தாக முடியும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சில வீடுகளில் காயமே அங்கேதான் பட்டது, அந்த ஆட்களுக்கு முதலில் வேறு ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

2024 செப்டம்பர் 14

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதைப் பொதுவாகவே எழுதிவிடுகிறேன், பெயர் ஊர் எதுவும் இல்லாமல். அவர் மகளுக்குக் கை கழுவிக்கொண்டே இருக்கும் பிரச்சினை, என் கதையைப் படித்துவிட்டு உறவு வழித் தெரபிக்கு அனுப்பலாமா என்கிறார்.

அதற்கு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இது ஓ.சி.டி. எனப்படும் கட்டாய எண்ண நோயாக இருக்கலாம், அதற்கென்றே நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கிறது: பயப்படும் பொருளைத் தொடவைத்து, கை கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அங்கே அப்பாவைப் பற்றி வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் கை புண்ணாகிப் போகும். காதில் குரல் கேட்பது, ஆள் தலைகீழாக மாறிப்போவது, சாக வேண்டும் என்ற எண்ணம், இவற்றுக்கெல்லாம் மருத்துவரைத் தள்ளிப்போடவே கூடாது. உறவு அங்கேயும் வேண்டும்தான், அந்தக் குழாயைத் தொடு என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பினால்தானே தொடுவாள். ஆனால் தொட்டாக வேண்டும்.

2024 செப்டம்பர் 15

மேலே எழுதியதோடு சேர்த்து: 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரும் உண்டு. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.

2024 அக்டோபர் 6

ஆள் தேர்வு செய்வது எப்படி என்று கேட்டவர்களுக்கு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு வேண்டும், எண்ணைக் கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். கவுன்சலர், தெரபிஸ்ட் என்ற பலகைகளை நம் ஊரில் யார் யாரோ மாட்டியிருக்கிறார்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில் சட்டம் ஆலோசகர்களையும் உள்ளே கொண்டுவந்தது, ஆனாலும் நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கே படித்தீர்கள், உங்களுக்கு மேற்பார்வை செய்கிற மூத்தவர் யாராவது உண்டா என்று கேட்கலாம். சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது அவர் தயவு கிடையாது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தருகிற உரிமை. உயிருக்கு ஆபத்து மாதிரியான சில விலக்குகள் உண்டு, அவற்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

உறவுதான் சிகிச்சை என்ற பெயரில் ராத்திரி பத்து மணிக்குக் குட் நைட் அனுப்புகிறவர், தன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் கொட்டுகிறவர், தொட்டுப் பேசுகிறவர், "என்னை விட்டுப் போனால் நீங்க தேறமாட்டீங்க" என்கிறவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அங்கே ஷட்டர் இறக்குவதே சரி.

பட்டம் இருந்தால்தான் முடியுமா என்றும் ஒருவர் விடாமல் கேட்கிறார். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006 வாக்கில், சுகாதார நிலையங்களின் வெளியே பெஞ்சு போட்டு, மனம் சோர்ந்து வருகிறவர்களோடு பேசப் பாட்டிமார்களை உட்காரவைத்தார். தலைநகர் ஹராரேயில் 573 பேரை வைத்துச் செய்த சோதனை 2016-இல் வெளிவந்தது, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்கள் ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாகவே தேறியிருந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி உண்டு, படிப்படியாக என்ன செய்வது என்ற முறை உண்டு, மேலே பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. மொட்டைமாடிக்கு அது கிடையாது.

2024 டிசம்பர் 8

"இவ்வளவுக்கும் பிறகு உங்களுக்கு என்னதான் மாறியது" என்று கேட்டவர் நியாயமாகத்தான் கேட்கிறார்.

தூக்கம் பரவாயில்லை. ஆபீஸில் ஒரு ஆளிடம் "நான் பேசிட்டிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை, அவர் "சாரி, சொல்லுங்க" என்றார். ஷட்டர் இறங்காமல் இல்லை, இறங்கினால் அன்று ராத்திரியே தூக்கிவிடுகிறேன். மனைவி கணக்குப்படி சில நாள் இரண்டு ராத்திரி ஆகிறது.

பையன் போன மாதம் ஃபிசிக்ஸில் குறைந்த மார்க்கோடு வந்து நின்றான். நான் லேப்டாப்பில் இருந்தேன். அவன் தாளை நீட்டிக்கொண்டே "சும்மா சைன் மட்டும் போதும்ப்பா" என்றான். அந்த "மட்டும் போதும்" எனக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு உட்காரச் சொன்னேன். அவன் பயந்துபோய்த் திட்டு விழப்போகிறது என்று நினைத்தான். பாவம், என்ன பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை, எந்தக் கேள்வியில் போச்சு என்று ஒவ்வொன்றாகக் காட்டினான், எனக்கு ஒளிவிலகல் ஒரு மண்ணும் புரியவில்லை. மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன். "அவனுக்கு அப்போ எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை.

2025 ஜனவரி 19

கேள்வியைத் தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார். மருமகனோடு பேசினாராம், கருத்து மாறவில்லையாம், ஆனால் தனக்கே ஒரு இடத்தில் நேரம் வாங்கியிருக்கிறாராம். வாழ்க ஐயா. வீட்டுக்காரம்மாவையும் முதல் நாள் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறீர்கள்.

போன் செய்து அவர்களிடமே கேளுங்கள், ஒவ்வொருவர் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கூட வரட்டும், உள்ளே மட்டும் நீங்கள் தனியாகப் போங்கள். வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்தால் நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவீர்கள். வெளியே காத்திருக்க நாற்காலி உண்டா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள், எங்கள் இடத்தில் படிக்கட்டுதான். ஐம்பது நிமிடம் என்று சொல்லியிருப்பார்கள். மணி பார்த்து எழுப்பினால் கோபம் வரும், அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இங்கே எழுதாமல், அடுத்த வாரம் அவரிடமே சொல்லுங்கள்.